முள்ளு பொய் சொல்லுமா? ஒரு டீசல் மீட்டரின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க அம்மாவோட பீரோவில் 80 பக்க நோட்டு ஒண்ணு இருக்கு. அட்டை கிழிஞ்சு, ஓரமெல்லாம் டீசல் கறை. எங்க அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, எழுதினது. அவர் நாமக்கல்லில் லாரி டிரைவர். உள்ளே வரவு செலவுக் கணக்கு எதுவும் இல்லை. எல்லா வரியும் ஒரே மாதிரி: தேதி, ஊர், "குச்சி 14 கோடு", பக்கத்தில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து அவருடையது கிடையாது. பங்க்கில் வேலை செய்யும் பையன், கிளீனர், டீக்கடைக்காரர், அப்படி யாராவது ஒருத்தர் போட்டது. கையெழுத்துப் போடத் தெரியாதவங்க கைநாட்டு வச்சிருக்காங்க.

குச்சின்னா டேங்கோட மூடியைத் திறந்து உள்ளே விட்டுப் பார்க்கிற அளவுகோல். எவ்வளவு தூரம் நனைஞ்சிருக்கோ அவ்வளவு டீசல். சரி, டீசல் எவ்வளவு இருக்குன்னு காட்டத்தான் டேஷ்போர்டிலேயே மீட்டர் இருக்கே? அப்புறம் எதுக்குக் குச்சி? அதைவிட, எதுக்குச் சாட்சி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்த எபிசோட். போன இடத்தில் ஒரு பழைய லாரியும், ஒரு எலக்ட்ரீஷியனும், 1983இல் ஆகாயத்தில் எரிபொருள் தீர்ந்துபோன ஒரு விமானமும் கிடைச்சாங்க.

குச்சியில் தொடங்கிய வரலாறு

முதல்ல ஒரு விஷயம். வண்டிகளோட வரலாற்றில் குச்சிதான் மூத்தது. மீட்டர் பின்னாடி வந்தது.

1908இல் ஃபோர்டு கம்பெனி 'மாடல் டி' காரை விற்க ஆரம்பிச்சது. 1927 வரைக்கும் 1.5 கோடிக்கும் மேல் தயாரான கார் அது. அதில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. பெரும்பாலான மாடல்களில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு தெரியணும்னா, உட்கார்ந்திருக்கிறவங்க எழுந்து இறங்கணும், மெத்தையைத் தூக்கணும், மூடியைக் கழட்டணும், குச்சியை விடணும். கோடு போட்ட மரக்குச்சிகளை அந்தக் காலத்து பெட்ரோல் கடைக்காரங்க விளம்பரத்துக்காக இலவசமாகவே கொடுத்தாங்க.

அந்தக் காரில் பெட்ரோல் பம்பும் கிடையாது. டேங்கில் இருந்து இன்ஜினுக்குத் தன் எடையால் தானே வழிஞ்சு வரணும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் இன்ஜின் மேலே போயிடும், டேங்க் கீழே இறங்கிடும், பெட்ரோல் வராது. அதனால சில பேர் மேட்டில் ரிவர்ஸ் கியரில் ஏறினாங்க. கேட்கும்போது சிரிப்பா இருக்கும், ஆனா அது சரியான இயற்பியல்.

அடுத்து வந்த 'மாடல் ஏ' காரில் டேங்கையே டேஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுவந்து வச்சாங்க. டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது எண் எழுதின ஒரு சின்ன உருளை திரும்பும். கண்ணாடி வழியாக அதைப் பார்க்கலாம். கரண்ட்டும் இல்லை, ஒயரும் இல்லை. பெட்ரோலும் பார்க்கிற கண்ணும் நேருக்கு நேர்.

ஆனா முழங்காலுக்குப் பக்கத்தில் பெட்ரோலை வச்சுக்கிட்டு ஓட்டுறது ஆபத்து. டேங்க் வண்டியோட பின்பக்கத்துக்குப் போச்சு. பிரச்சினை ஆரம்பிச்சதும் அங்கேதான். டேங்க் ஒரு மூலையில், மீட்டர் இன்னொரு மூலையில். நடுவில் யாராவது தூது போகணும். 1930களின் தொடக்கத்தில் சில கார்களில் காற்றைத் தூது அனுப்பினாங்க. மெல்லிய குழாயில் அடைபட்ட காற்றை டேங்கில் இருக்கும் பெட்ரோல் அழுத்தும்; அந்த அழுத்தத்தில் டேஷ்போர்டில் ஒரு சிவப்புத் திரவம் ஏறி இறங்கும். பழைய தெர்மாமீட்டர் மாதிரியே இருக்கும். குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் கணக்கு போச்சு. கடைசியில் ஜெயிச்ச தூதுவர் மின்சாரம்.

மீட்டரே வேண்டாம்னு ரொம்ப நாள் இருந்தவங்களும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் 1960களின் தொடக்கம் வரைக்கும் மீட்டர் இல்லை. வண்டி திணறினால் காலால் ஒரு சின்ன லீவரைத் திருப்பணும். மிச்சம் வச்சிருக்கிற சில லிட்டர் பெட்ரோல் வரும். நம்ம அப்பாக்கள் பைக்கை ஓரங்கட்டி, குனிஞ்சு, 'ரிசர்வ்' திருப்பினாங்களே, அதேதான்.

முள்ளு டீசலைப் பார்க்கிறதில்லை

சரி, லாரிக்கு வருவோம். நாமக்கல் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். லாரி பாடி கட்டுறதுக்கு இந்தியா முழுக்கப் பேர்போன ஊர் அது. பட்டறையில் வயசான எலக்ட்ரீஷியன் ஒருத்தர். நான் போன நேரம் ஒரு பழைய லாரி நின்னுட்டிருந்தது. என்ன கோளாறுன்னு கேட்டேன். "டீசல் மீட்டர் கம்மியா காட்டுதுங்க. டேங்க் முக்காலுக்கு மேல இருக்கு, முள்ளு கால்லயே நிக்குது."

எனக்கு வாய்ப்பு தானா வந்த மாதிரி இருந்தது. "கூட நின்னு பாக்கலாமுங்களா?"ன்னு கேட்டேன். அவர் ஒரு பழைய இரும்பு டப்பாவைக் கவுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். முதல் பாடம்: "கண்ணு, இந்த முள்ளு டீசலைப் பாக்கறதே இல்ல. கரண்டைத்தான் பாக்குது."

இதை விளக்கிடறேன். டேங்குக்குள் ஒரு கம்பி, அதன் முனையில் மிதவை. டீசல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியோட மறுமுனை ஒரு சுருள் மேல் உரசிக்கிட்டு நகரும். அந்தச் சுருள்தான் மின்தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ். மிதவை எங்கே நிற்குதோ அதைப் பொறுத்து தடை கூடும், குறையும்.

அந்த லாரியில் இருந்தது பழைய பிரிட்டிஷ் பாணி மீட்டர். முள்ளுக்குப் பின்னால் ரெண்டு வேற வேற உலோகத்தை ஒட்டின ஒரு பட்டை, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும். சூட்டில் ரெண்டு உலோகமும் ஒரே அளவில் நீளாது, அதனால பட்டை வளையும், முள்ளைத் தள்ளும். நிறைய கரண்ட் போனால் முள்ளு 'ஃபுல்' பக்கம். கம்மியா போனால் 'எம்ப்டி' பக்கம். சாவியைப் போட்டதும் பழைய வண்டியில் முள்ளு மெதுவாக, சோம்பேறி மாதிரி எழுந்திருக்கும். அது சூடாகிற நேரம்.

அந்தச் சோம்பலில் ஒரு நன்மையும் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் டேங்கில் இருக்கும் டீசல் அலையடிக்கும். முள்ளு வேகமாக இருந்தால் அதுவும் கூடவே ஆடும். அலைதானேன்னு லேசா நினைக்க வேண்டாம். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கும்போது எரிபொருள் குறைவு விளக்கு எரிஞ்சது. பின்னாடி ஆராய்ந்தப்போ, டேங்கில் அலையடிச்சதால் அந்த விளக்கு முன்கூட்டியே எரிஞ்சதுன்னு தெரிஞ்சது. அடுத்தடுத்த பயணங்களில் அலையை அடக்க டேங்குக்குள் தடுப்புத் தகடு வச்சாங்க. நிலவுக்குப் போன வண்டிக்கே அந்தப் பாடுன்னா நாமக்கல் லாரியை என்ன சொல்ல!

இப்போ கரண்ட் போற பாதையை மனசில் வச்சுக்கோங்க, கதைக்கு இது முக்கியம். பேட்டரியில் கிளம்பி, மீட்டர் வழியாக, ஒரே ஒரு ஒயரில் டேங்குக்குப் போகும். மிதவையோட சுருள் வழியாக இறங்கும். திரும்பி வர்றதுக்கு ஒயர் இல்லை. டேங்கோட இரும்பு, அங்கிருந்து சேசிஸ் இரும்பு, அங்கிருந்து பேட்டரி. திரும்பி வர்ற அந்தப் பாதைக்குப் பட்டறையில் பேர் 'எர்த்து'.

நாலு கேள்வி

எலக்ட்ரீஷியன் ஸ்பேனரை எடுக்கலை. முதல்ல சாவியைப் போட்டுட்டு டேஷ்போர்டைப் பார்த்தார். முதல் கேள்வி: மத்த மீட்டரெல்லாம் ஒழுங்கா இருக்கா? இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரும் டீசல் மீட்டரும் ஒரே இடத்தில் இருந்து கரண்ட் வாங்கும். பேட்டரியோட வோல்ட்டேஜ் வண்டி ஓடும்போது ஏறும், நின்னால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் முள்ளைப் பாதிக்கக் கூடாதுன்னு நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். ரெண்டு மீட்டரும் ஒண்ணா கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் குற்றவாளி அந்த ஸ்டெபிலைசர். இங்கே சூடு சரியாகத்தான் காட்டுச்சு. டீசல் மட்டும்தான் தப்பு.

ரெண்டாவது கேள்வி: மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கா? டேங்க் மேலே இருக்கும் மிதவையில் இருந்து ஒயரைக் கழட்டினார். முள்ளு மெதுவாக 'எம்ப்டி'க்கு இறங்குச்சு. அப்புறம் கழட்டின ஒயரை ஒரு சின்ன பல்பு வழியாக சேசிஸ் இரும்பில் தொட்டார். முள்ளு எழுந்து 'ஃபுல்' பக்கம் நகர ஆரம்பிச்சது. "மீட்டரு நல்லா இருக்கு. ஒயரும் நல்லா இருக்கு." அவ்வளவுதான், டேஷ்போர்டைப் பிரிக்கிற வேலையே மிச்சம். எதுக்கு நடுவில் பல்பு? நேராகத் தொட்டு ரொம்ப நேரம் வச்சிருந்தால் மீட்டருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி கருகிப்போகும். இன்னொண்ணு, டேங்க் மூடி திறந்திருக்கும்போது இந்த வேலையைச் செய்யவே கூடாது. பெட்ரோல் வண்டியில் டேங்க் பக்கத்தில் ஒரு பொறி பறந்தாலே போதும். வீட்டில் யாரும் முயற்சி பண்ண வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லா வண்டியும் இப்படி நடக்காது. அமெரிக்கப் பாணியில் டேங்க் காலியாக இருந்தால் 240 ஓம், நிறைஞ்சிருந்தால் 33 ஓம். ஜெர்மனியில் விடிஓ கம்பெனி பரப்பின பாணியில் காலியாக இருந்தால் 10 ஓம், நிறைஞ்சிருந்தால் 180. ஒண்ணுக்கொண்ணு நேர் தலைகீழ். ஒரு வண்டியோட மிதவையை இன்னொரு பாணி மீட்டரோட சேர்த்தால், டீசல் தீரத் தீர முள்ளு ஏறும். நம்ம ஊரில் இது கற்பனை இல்லை. 1948இல் எண்ணூரில் தொடங்கின அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனோட லேலண்டு கூடச் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்டு ஆச்சு. 1954இல் டாடா, ஜெர்மனியோட டைம்லர் பென்ஸ் கூடச் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பிச்சது. பிரிட்டிஷ் மரபும் ஜெர்மன் மரபும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்னுச்சு. கிடைச்ச பார்ட்டை மாட்டி வண்டியை ரோட்டுக்கு அனுப்பின காலம் அது.

மூணாவது கேள்வி: எர்த்து இருக்கா? இதுக்கு அவர் செஞ்சது ரொம்ப எளிமை. ரெண்டு முனையிலும் கிளிப் இருக்கிற ஒரு ஒயரை எடுத்தார். ஒரு முனையை மிதவையோட இரும்பு மூடியில் மாட்டினார். மறுமுனையை சேசிஸில் சுரண்டிப் பளிச்சுன்னு ஆக்கின ஒரு இடத்தில் மாட்டினார். "இப்ப மேல போய் முள்ளைப் பாரு."

நான் கேபினில் ஏறிப் பார்த்தேன். கால்வாசியில் நின்ன முள்ளு நகர்ந்துக்கிட்டிருந்தது. அரை. அரையைத் தாண்டி முக்கால். முக்காலுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்னுச்சு. டேங்கில் ஒரு சொட்டு டீசல்கூடச் சேர்க்கலை.

கீழே இறங்கி வந்தப்போ அவர் டேங்க்கைத் தட்டிக் காட்டினார். புத்தம் புது பெயிண்ட். "எஃப்.சி.க்கு அடிச்சது. டேங்க்கைக் கழட்டி, சுத்தி பெயிண்ட் அடிச்சு, ரப்பர் வச்சு, பட்டையும் பெயிண்ட் அடிச்சு மாட்டிப்போட்டாங்க. எர்த்து ஒயரை மறுபடி முறுக்கறப்ப அதுக்கு அடியிலயும் பெயிண்ட். கரண்ட் எப்படிப் போகும்? எஃப்.சி. முடிஞ்சு வர்ற வண்டியில பாதிக்கு இதுதான்."

பெயிண்ட் முழுசாகத் தடுத்திருந்தால் முள்ளு செத்துப்போய் கீழேயே கிடந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனா போல்ட் நூலில், டீசல் பைப்பில்னு அங்கங்கே கொஞ்சம் கரண்ட் கசிஞ்சு போகும். அதனால முள்ளு உயிரோட இருக்கும், வேலை செய்யும், ஆனா கம்மியா காட்டும். நம்புற மாதிரியே தப்பா காட்டும்.

நாலாவது கேள்விக்குப் போக வேண்டிய அவசியமே வரலை. இருந்தாலும் கேட்டுக்கிட்டேன். எர்த்து சரியா இருந்தும் தப்பா காட்டினால், மிதவையை வெளியே எடுக்கணும். மல்டிமீட்டரை வச்சுக்கிட்டு கையால் மெதுவாக ஏற்றி இறக்கணும். ஓம் எண்ணிக்கை சீராக மாறணும். நடுவில் எங்கேயாவது குதிச்சால் அந்த இடத்தில் சுருள் தேய்ஞ்சுபோச்சு. அப்புறம் மிதவையைக் காதோரம் வச்சுக் குலுக்கணும். உள்ளே களக் களக்னு சத்தம் வந்தால் மிதவை ஓட்டை, டீசல் குடிச்சு முங்கிப்போச்சு. டேங்க் நிறைஞ்சிருந்தாலும் அது அடியிலேயே கிடக்கும்.

உப்புத்தாள் வச்சு பெயிண்டைத் தேய்ச்சார், ஒயரை இறுக்கினார், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். மொத்தம் 20 நிமிஷம். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேற ஒரு லாரி ஞாபகத்துக்கு வந்துடுச்சு.

எஃப்.சி. முடிஞ்ச முதல் லோடு

1984இல் எங்க அப்புச்சி ஒரு முதலாளிகிட்ட லாரி ஓட்டிக்கிட்டிருந்தார். சேலம் பக்கம் ஒரு பங்க்கில் டேங்க் ஃபுல் பண்ணினார், பில் வாங்கினார், ஊர் வந்து சேர்ந்தார். லாரி ஸ்டேண்டில் முதலாளி கேபினில் ஏறிப் பார்த்தார். அம்பது, அறுபது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, முள்ளு அரையில் நிக்குது. பில்லில் ஃபுல் டேங்க், முள்ளில் அரை டேங்க். மீதி எங்கே?

அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் என்ன அர்த்தம்னு அங்கே நின்ன எல்லாருக்கும் தெரியும். பங்க்காரன்கிட்ட பில்லை மட்டும் வாங்கிட்டு, டீசல் போடாம, காசைப் பங்கு போட்டுக்கிட்டேன்னு அர்த்தம். இந்த மாதிரி திருட்டு அப்போவும் நடந்தது, இப்போவும் நடக்குது. லாரித் தொழிலில் பெரிய செலவே டீசல்தான். முதலாளியோட பயத்தை நான் பொய்யுன்னு சொல்லலை.

அப்புச்சி சொன்னாராம்: "குச்சி விட்டுப் பாருங்க." அதுக்கு முதலாளி சொன்ன பதிலை அம்மா எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்காங்க. "மீட்டரு பொய் சொல்லுமா? போன வாரம்தான் எஃப்.சி.க்கு வண்டியவே புதுசாப் பண்ணி நிறுத்தியிருக்கேன்."

சின்ன வயசில் இருந்து கேட்ட வரி. பட்டறையில் அந்த பெயிண்ட் வாசனையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அதில் பாதி வரி எனக்குப் புரிஞ்சது.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். அந்த லாரி இப்போ இல்லை. அந்த டேங்க்கோட எர்த்தை இனி யாரும் சோதிக்க முடியாது. அன்னைக்கு நடந்தது இதுதான்னு என்னால் நிரூபிக்க முடியாது. வரலாறு பேசுறவங்க இந்த இடத்தில் நிறுத்திக்கணும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: குச்சி விட ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். யாரும் விடலை. அப்புச்சிக்கு வேலை போச்சு. ஏழெட்டு மாசம் யாரும் அவரை வண்டியில் ஏத்தலை. 'டீசல் கேஸ்'னு ஒரு பேர். அம்மா அந்த வருஷம் பத்தாவது. அதோட படிப்பு நின்னுச்சு.

கனடாவில் ஒரு குச்சி

அதுக்கு முந்தின வருஷம், 1983 ஜூலை 23. ஏர் கனடாவோட போயிங் 767 ஒண்ணு மான்ட்ரியாலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குக் கிளம்புது. புத்தம் புது விமானம். ஆனா எரிபொருள் மீட்டர் வேலை செய்யலை. காரணம், அந்தக் கருவிக்குள் ஒரு இடத்தில் பற்றவைப்பு சரியாகப் பிடிக்கலை. ஒரு இணைப்பு லூஸ். அங்கேயும் கதை அதேதான்.

மீட்டர் இல்லைன்னா என்ன செய்வாங்க? குச்சிதான். டேங்க்கை அளந்தாங்க. 7,682 லிட்டர்னு வந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்றணும். அவங்க பெருக்கின எண் 1.77. அது லிட்டரை பவுண்டாக மாற்றுற எண். கிலோவுக்கு 0.8 அளவில் இருந்திருக்கணும். அந்தக் கம்பெனியில் மத்த விமானமெல்லாம் பவுண்டு கணக்கு, இந்தப் புது விமானம் மட்டும் கிலோ. முடிவில் 22,300 கிலோவுக்குப் பதிலாக 22,300 பவுண்டு போட்டாங்க. தேவையில் பாதிகூட இல்லை.

நடுவானில் ரெண்டு இன்ஜினும் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுச்சு. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகினவர். கூட இருந்த மாரிஸ் குவின்டலுக்கு கிம்லின்னு ஒரு பழைய விமானப்படைத் தளம் ஞாபகம் வந்தது. அங்கே அப்போ ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்துக்கிட்டிருந்தது. அதையும் தாண்டி இறக்கிட்டாங்க. 61 பயணிகள், 8 ஊழியர்கள். ஒருத்தரும் சாகலை.

இந்தக் கதையை இன்டர்நெட்டில் சாகசமாக நிறையப் பேர் சொல்லியிருப்பாங்க. நான் பார்த்தது அதுக்கு அடுத்து நடந்ததை. கம்பெனி தன் விசாரணையை முடிச்சு, கேப்டனைப் பதவி இறக்கியது, துணை விமானியை சஸ்பெண்ட் பண்ணியது, பராமரிப்பு ஊழியர்கள் மூணு பேரையும் சஸ்பெண்ட் பண்ணியது. கனடா அரசு நீதிபதி ஜார்ஜ் லாக்வுட் தலைமையில் தனியாக ஒரு விசாரணை வச்சது. பயிற்சியும் நடைமுறைகளும் சரியில்லாம இருந்ததுக்கு நிறுவனமும் பொறுப்புன்னு அந்த விசாரணையில் வெளியே வந்தது. 1985இல் அதே விமானிகளுக்கு சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பு விருது கொடுத்தது.

ரெண்டு சம்பவமும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. அங்கே 69 உயிர், இங்கே ஒரு டேங்க் டீசல். ஆனா ரெண்டிலும் கருவி கோளாறானதும் முதல்ல கை வச்சது அதுக்குப் பக்கத்தில் நின்ன ஆள் மேலதான். வித்தியாசம், அங்கே ஒரு நீதிபதி உட்கார்ந்து கேட்டார். லாரி ஸ்டேண்டில் அப்படி யாரும் இல்லை.

14 கோடு

இப்போ நோட்டுக்குத் திரும்பலாம். ஏழெட்டு மாசம் கழிச்சு வேற ஒரு முதலாளி அப்புச்சிக்கு வண்டி கொடுத்தார். அன்னைக்கு இருந்துதான் நோட்டு ஆரம்பிக்குது. டீசல் போட்டதும் குச்சி, லோடு இறக்கினதும் குச்சி, வண்டியை விடும்போது குச்சி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாட்சி.

அந்தக் குச்சியிலும் ஒரு விஷயம் இருக்கு. அதில் கோடுகள் சம இடைவெளியில் இல்லை. அடியிலும் மேலேயும் அகலமாக, நடுவில் நெருக்கமாக வெட்டியிருக்கார். ஏன்னு எனக்கு ரொம்ப நாள் புரியலை. படுக்கவச்ச உருளை டேங்க்கை யோசிச்சுப் பாருங்க. நடுவில் அகலம், அடியில் குறுகல். 200 லிட்டர் உருளை டேங்கில் கால்வாசி உயரத்துக்கு டீசல் இருந்தால் அது 50 லிட்டர் இல்லை, 39 லிட்டர்தான். நேர்க்கோடு போட்ட குச்சியை நம்பினால் 11 லிட்டர் 'காணாம' போயிடும். எட்டாவது படிச்ச மனுஷன், அஞ்சு லிட்டர் கேனில் ஊத்தி ஊத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு வெட்டி இதைக் கண்டுபிடிச்சிருக்கார். திரும்ப ஒரு தடவை திருடன்னு பேர் வாங்கக் கூடாதுங்கிற ஒரே காரணத்துக்காக.

இன்னைக்கு லாரிகளில் டேங்குக்குள் சென்சார் இருக்கு. ஜிபிஎஸ் கூட இணைச்சு, முதலாளியோட போனுக்கு கிராஃப் போகுது. டீசல் திடீர்னு குறைஞ்சால் அலெர்ட் வரும். திருட்டை நிஜமாகவே பிடிக்குது, மறுக்கலை. அந்த எலக்ட்ரீஷியன்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். "நல்ல சாமான்தான். ஆனா வண்டி மேட்டுல சாஞ்சு நின்னாலும் கிராஃப் இறங்கும் கண்ணு. எர்த்து லூசானாலும் இறங்கும். அலெர்ட் வந்த உடனே முதலாளி போன் பண்றது டிரைவருக்குத்தான். எனக்குப் பண்றதில்ல."

நீங்க லாரி ஓட்டாம இருக்கலாம். ஆனா ஆப்பில் ஒரு எண்ணு சொல்லுது, ஒரு ஆள் வேற ஒண்ணு சொல்றாருன்னா, நாம முதல்ல யாரை நம்புறோம்? டெலிவரி கொண்டு வர்ற அண்ணன் "லொகேஷன் தப்பா காட்டுதுங்க"ன்னு சொல்லும்போது எனக்கே முதல்ல சந்தேகம் அவர் மேலதான் வந்திருக்கு. இந்த எபிசோடைப் பண்ணினதுக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பார்க்கிறேன்.

ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட பெயிண்ட், எர்த்து, முள்ளு எல்லாத்தையும் சொன்னேன். முழுசாகக் கேட்டாங்க. எதுவும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தக் கிளிப் ஒயரு என்ன விலை இருக்கும்?"னு கேட்டாங்க. இருபது, முப்பது ரூபாய் இருக்கும்னேன். பீரோவைத் திறந்து நோட்டை மறுபடி உள்ளே வச்சுட்டு சமையலுக்குப் போயிட்டாங்க.

அந்த நோட்டோட கடைசிப் பக்கம் 1996. தேதி, ஊர், "குச்சி 9 கோடு", ஒரு கைநாட்டு. அதுதான் அவர் ஓட்டின கடைசி லோடு.

உங்க வீட்டிலும் இந்த மாதிரி ஒரு நோட்டு, ஒரு குச்சி, ஒரு பழைய கருவி ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.